இரண்டு சக்கரவர்த்திகளும் ஒரு கராத்தே வகுப்பும்

என் வலப்புறத்தில் மலை போல வீற்றிருக்கும் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களே! என் இடப்புறத்தில், அந்த மலைக்கு ஓர் அங்குலமும் குறையாத மலையாக வீற்றிருக்கும் தலைவர் நீக்கிலாஸ் அவர்களே! இரண்டு தலைவர்களுக்கும் நடுவே எல்லைக் காவலனாய் நிற்கும் ஒலிவாங்கியே! ஹீற்றர் சுட்டெரித்தாலும் கோட்டைக் கழற்றாத கொள்கைக் குன்றுகளான பெரியோர்களே! இந்தப் பேச்சு முடிந்தால்தான் கடிக்க ரோல்ஸ் வரும் என்பதற்காகவே பொறுமை காக்கும் தாய்மார்களே! இந்தப் பனிநாட்டின் மார்க்கம் நகரிலிருந்தும் மோர்னிங்சைட்டிலிருந்தும் திரண்டு வந்திருக்கும், நம் ஊர்ப் பேர் சொல்லும் கொன்றைமுனை மக்கள் ஒன்றியத்தின் உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சனிக்கிழமை மாலையில் என் சிரம் தாழ்கிறது.

ஒற்றுமை என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். ஒரு தலைவர் ஐந்து நிமிடம் என்றார். மற்றத் தலைவர் பத்து நிமிடம் என்றார். இருவர் மனமும் நோகக்கூடாது. ஆகவே பதினைந்து நிமிடம் பேசுகிறேன்.

ரோமாபுரிக்கு வாருங்கள்! கிறிஸ்துவுக்குப் பின் இருநூற்று முப்பத்தெட்டாம் ஆண்டு. சக்கரவர்த்தி தேவை. செனற் சபை கூடியது. ஒருவரைத் தெரிந்தெடுத்தார்களா? இல்லை! இருவரைத் தெரிந்தெடுத்தார்கள்! பூப்பியேனஸ் ஒருவர், பல்பினஸ் ஒருவர். பட்டம் சமம், பதவி சமம், படாடோபம் சமம்! அவர் படைநடத்திப் பழகியவர். இவர் பரம்பரைப் பெருமை பேசிப் பழகியவர்.

என்ன, கீதன்? "அங்கிள், இது ஹிஸ்டரி கிளாஸோ?" என்கிறாய். ஓம் தம்பி. பரீட்சை இண்டைக்கே இருக்கு, பொறு.

அரண்மனையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் இவர். எவ்வளவு பெரிய அரண்மனை தெரியுமா? ஒருவர் தும்மினால் அந்தத் தும்மல் 401 நெடுஞ்சாலை நெரிசலில் அகப்பட்டு அடுத்த நாள்தான் மற்றவருக்குக் கேட்டிருக்கும்! ஆனால் நாணயம் அடித்தார்கள், ஐயா, நாணயம்! இரண்டு கைகள் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் நாணயம். பேரரசர்களின் பரஸ்பர அன்பு என்று அதிலே பொறித்தார்கள். அன்பு நாணயத்தில் இருந்தது, அரண்மனையில் இருந்ததா?

நமது ஒன்றியத்தின் கலண்டரையும் பாருங்கள். இரு தலைவர்களும் கைகுலுக்கிச் சிரிக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்த டெனிஸ்டனிடம் போய்ப் பாராட்டினேன். அவன் சொன்னான்: "அங்கிள், ரெண்டு பேரையும் வேற வேற நாள் எடுத்தனான். கையைக் கொம்பியூட்டரிலை ஒட்டினனான்."

சிரிக்காதீர்கள்! இவர்களைத் தலைவராக்கியது யார்? நாம்! வாக்கெடுத்தால் ஒருவர் தோற்பார், தோற்றால் மனம் நோகும், நொந்தால் அவர் வீட்டுக் கலியாணத்துக்கு நமக்கு அழைப்பு வராது. அதனால் கோயில் பக்கத்துக்கு ஒருவர், மாதா கோயில் பக்கத்துக்கு ஒருவர் என்று இரண்டு பேரையும் கதிரையில் ஏற்றினோம். ரோமாபுரி செனற் சபைக்கு நாம் சளைத்தவர்களா?

ரோமாபுரியில் என்ன நடந்தது? ஏறத்தாழ மூன்று மாதம்தான் ஆண்டார்கள். நகரமே விளையாட்டு விழாவில் மூழ்கியிருந்த நாளில், மெய்க்காவல் படை வாளோடு அரண்மனைக்குள் புகுந்தது. பூப்பியேனஸ் பதறினார்: நமக்கு விசுவாசமான ஜெர்மானியக் காவலர் இருக்கிறார்களே, கூப்பிடுவோம்! பல்பினஸ் மறுத்தார். ஏன்? அந்தக் காவலரைக் கொண்டு தன்னைக் கவிழ்க்கப் போகிறார் என்ற சந்தேகம்! கூப்பிடுவோம், கூடாது, கூப்பிடுவோம், கூடாது! வாக்குவாதம் முடியுமுன் வாள் வந்துவிட்டது. இருவரையும் தெருவிலே இழுத்துச் சென்று கொன்றார்கள். காவலர் ஓடி வந்தபோது காப்பாற்ற யாருமில்லை.

இப்போது நம் டோர்செட் பார்க் குடியிருப்புக்கு வருவோம். அங்கே அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. புதன்கிழமைகளில் நம் முதியோர் கூடும் அறை. கட்டட முகாமையாளர் ஸ்டெபனி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அடுத்த வருடமும் அறை வேண்டுமா, உங்கள் தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். என் வலப்புறத்து மலையான நம் சிறீ அண்ணை போன் எடுத்தார்: "நான்தான் தலைவர். மற்றவர் எடுத்தா நம்பாதையுங்கோ." அரை மணித்தியாலத்தில் நீக்கிலாஸ் அண்ணை எடுத்தார். ஒரு சொல்லும் தப்பாமல் அதே வசனம்! அந்தப் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: இருவரும் சேர்ந்து எடுங்கள், சனிக்கிழமை ஐந்து மணிக்குள் எடுக்காவிட்டால் அறை கராத்தே வகுப்புக்கு.

சேர்ந்து எடுப்போம் என்றார் நீக்கிலாஸ் அண்ணை. சிறீ அண்ணை என்ன சொன்னார்? "உவர் முதல் தன்ர பேரைச் சொல்லிப்போடுவார்!"

பல்பினஸே, நீர் சாகவில்லையா? மார்க்கத்தில் வீடு வாங்கி வாழ்கிறீரா?

சனிக்கிழமை இன்று. மணி நாலே முக்கால். வெள்ளை உடுப்பும் கறுப்புப் பட்டியுமாக மெய்க்காவல் படை அந்த அறை வாசலில் நிற்கிறது! போவது யாருடைய அறை? மூன்றாம் வரிசையில் இருக்கும் புனிதவதி அன்ரியின் அறை. மகன் இரவு வேலை, பகலில் நித்திரை. மருமகள் பகலில் வேலை. பேத்திக்கு ஆங்கிலம் மட்டும்தான். போன கிழமை அன்ரி என்னிடம் சொன்னா: "தம்பி, புதன்கிழமை மட்டும்தான் என்ர குரல் எனக்குக் கேக்கிறது."

இதற்கு மேல் எனக்கு அடுக்குமொழி வரவில்லை, ஐயா.

இதோ போன். ஸ்டெபனியின் இலக்கம் அடிக்கிறேன். வலப்புறம் நீட்டினால் இடப்புறம் முகம் சுருங்குகிறது. இடப்புறம் நீட்டினால் வலப்புறம் தலை கோயில் மணி மாதிரி ஆடுகிறது. யாராவது ஒருவர்... அன்ரி, எங்கை வாறியள்? படி கவனம்! போனைத் தரட்டோ? இந்தாங்கோ. மைக்கைக் கிட்டப் பிடியுங்கோ, சனம் கேக்கட்டும்.

"ஹலோ ஸ்டெபனி. திஸ் இஸ் புனிதவதி. வெட்னஸ்டே றூம், வீ வோன்ற். ஐ ஆம் த பிரெசிடென்ற்."

கேட்டீர்களா? கேட்டீர்களா? "ஓகே, புனிதா" என்கிறது மறுமுனை! ஒரே ஒரு வாக்கியம்! ரோமாபுரியை ஒரு வாக்கியத்தில் காப்பாற்றிவிட்டா!

சிறீ அண்ணை, இருங்கோ. ஒன்றியத்தின் சட்டப் புத்தகமான யாப்பிலே இப்படி இல்லையோ? இரண்டு தலைவருக்கும் யாப்பில் இடமில்லைத்தானே, நாங்கள் போடவில்லையோ? சபையோரே, மூன்றாவது தலைவரை ஏற்பவர்கள் கையைத் தட்டுங்கள்! ஆகா! கூரை பறக்கிறது! ரோல்ஸ் மேசைப் பக்கமிருந்துகூடக் கைதட்டல் கேட்கிறது!

பொறுங்கள், புதிய தலைவி ஏதோ சொல்ல வேண்டுமாம்.

"நீங்கள் ரெண்டு பேரும் தலைவராவே இருங்கோ, தம்பிமார். புதன்கிழமை கதிரை அடுக்க ரெண்டு ஆம்பிளையள் வேணும்."

சக்கரவர்த்திகள் இருவரும் தலையாட்டுகிறார்கள். ஒரே நேரத்தில்! டெனிஸ்டன், இதைப் படம் எடு, ஒட்டத் தேவையில்லை! பொறுத்திருந்து கேட்ட செவிகளுக்கு நன்றி; எல்லோருக்கும் வணக்கம். வழி விடுங்கோ, அன்ரி இறங்கிறா.