பதினோராவது செடி

எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது. துணி துவைப்பதும் என்னுடையது. மனைவி படிக்க வேண்டும் என்பதற்காக, வீடு இருக்கும் வெரிபீயிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் கிளேட்டன் வரை நாள்தோறும் கார் ஓட்டியவனும் நான்தான். பெண்ணை அடக்கியாளும் ஆண்களின் வரிசையில் என்னை நிறுத்திவிடாதீர்கள். வினுஷாவைப் படிக்க அனுமதித்தவன் நான்.

அவளுடைய ஆராய்ச்சி ஒரு குட்டைச் செடியைப் பற்றியது. தென்துருவக் கடலின் மரமே இல்லாத குளிர்த்தீவுகளில், பாசியோடு பாசியாய் நிலத்தை ஒட்டிப் படரும் செடி; எத்தனை வயதானாலும் விரல் உயரத்தைத் தாண்டாது. பல்கலைக்கழகக் குளிரறையில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பதினொரு விதைகளை முளைக்க வைத்தாள். அவள் எழுதவிருந்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு முழுவதும் அந்தப் பதினொன்றின் மேல் நின்றது.

ஓர் இலை அரை மில்லிமீற்றர் வளர்ந்தால் அவள் கண்டுபிடிப்பாள். நான் மீசையை மழித்ததை நான்கு நாட்களாகியும் கண்டுபிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் நானே சொன்னேன்.

"ஓமப்பா, வடிவா இருக்கு," என்றாள், தலை நிமிராமல்.

ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் எங்களுக்குத் தெரிந்த யோகராணி அன்ரியின் பேத்தி பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. சேலைக்குப் பை இல்லை; ஆகவே நம் பெண்கள் வழக்கமாகச் செய்வதுபோல வினுஷாவும் தன் கைபேசியை என் சட்டைப்பையில் போட்டாள். குளிரறையில் ஏதும் பிசகினால் எச்சரிக்கை அதற்குத்தான் வரும்.

"குளிரறை மெசேஜ் வந்தா உடன சொல்லுங்கோ."

அன்ரி விடவில்லை. "என்ன பிள்ளை, அந்தப் புல்பூண்டுக்குக் காட்டுற அக்கறையில பாதியை இவருக்குக் காட்டியிருந்தா, கபிலன் இன்னும் நாலு விரல் வளர்ந்திருப்பாரே!"

மேசை முழுவதும் சிரித்தது. நான் உயரம் குறைந்தவன்.

"இவருக்குக் குளிர் ஒத்துவராது அன்ரி," என்று வினுஷாவும் சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. குளிரறை சூடாகிறது; நீங்கள் வருவதானால் எண் ஒன்றை அழுத்துங்கள், இல்லையேல் ஊழியரை அனுப்புவோம். நிமிர்ந்து பார்த்தேன். அவள் பக்கத்துப் பெண்ணுக்குச் செடியின் உயரத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றை அழுத்தினேன். செய்தியை அழித்தேன். பிறகு அவளுக்குப் பாயாசம் எடுத்துவந்து கொடுத்தேன்.

பத்துச் செடிகள் வாடிக் கருகின. பதில் போயிருப்பது தெரிந்தபோது, பையில் கை தவறிப் பட்டிருக்கும் என்றேன். அவள் நம்பினாள். பல்கலைக்கழக விசாரணையில், தானே அழுத்திவிட்டு மறந்துபோனதாகச் சொல்லிப் பழியை ஏற்றாள். வீடு திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கட பேரை இதுக்குள்ள இழுக்க எனக்கு மனம் வரேல்லையப்பா."

மூன்று ஆண்டுகளில் அவள் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எஞ்சிய ஒரு செடி பிழைத்தால் மட்டுமே ஆராய்ச்சி தொடரலாம் என்று முடிவு செய்தார்கள். இன்று காலை, புதிய விதை கேட்டு ஹோபார்ட் நகருக்கு விமானம் ஏறினாள். பறக்கும் நேரத்தில் அவளுடைய கைபேசி இயங்காது; எச்சரிக்கை என்னுடையதற்கு வரும்படி மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"உங்களை நம்பித்தான் போறன்," என்றாள்.

இதை எழுதத் தொடங்கிய சற்று நேரத்தில் செய்தி வந்தது. ஒன்றை அழுத்திவிட்டேன்.

திரும்பி வந்ததும் அழுவாள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் நான் இருப்பேன்.