குங்குமப்பூ நிறத்துப் பிள்ளை

வளையல் சத்தம் கொஞ்சம் அடங்கட்டும்... ஒரு கதை வைத்திருக்கிறேன், சின்னதுதான். கலவை சாதம் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். முன்வரிசையில் வளைகாப்புக்கு உட்கார்ந்திருக்கிற பெண்கள் மட்டும் கேட்டால் போதாது. பின்வரிசை மாமியார்மாரே, நாத்தனார்மாரே... உங்களுக்குத்தான் முக்கியமாக.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. கோமதி என்கிற பெண்ணுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. பிறந்து மூன்றாம் நாள். குழந்தை யார் கையில் இருக்கிறது? பெற்றவள் கையிலா? அதெப்படி! அவள் பெற்றதோடு அவள் வேலை முடிந்ததே. குழந்தை அவள் நாத்தனார் வடிவு கையில். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அம்மாள் கண்காட்சி நடத்திக்கொண்டிருக்கிறாள்.

"பாத்தியளா நிறத்த? எங்க வம்சத்துலயே இப்படி ஒரு நிறம் கெடயாது. ஏழாம் மாசத்துலேருந்து பால்ல குங்குமப்பூ போட்டுக் குடுத்தது யாரு? நானாக்கும்! சத்தம் காட்டுதானா பாருங்க... தங்கமான புள்ள. பாலுக்குக்கூட அழமாட்டான்!"

தங்கமான பிள்ளை. ரொம்ப சரி. தங்கம் எங்கேயாவது அழுமா? தங்கத்துக்குப் பசிக்குமா?

அப்போது நர்ஸ் அமலோற்பவம் வந்தாள். குழந்தையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தாள்... மஞ்சள். தொடையில் அழுத்தினாள்... மஞ்சள். உள்ளங்காலில்... அங்கேயும் மஞ்சள். அந்த உள்ளங்காலை விரலால் சுண்டினாள். ஒரு முனகல். அவ்வளவுதான்.

"என்னம்மா இது, பச்சப்புள்ளய இப்படிச் சுண்டுதிய!" என்றாள் வடிவு.

"காலையிலேருந்து எத்தனை தரம் பால் குடிச்சான்?"

கட்டிலில் இருந்த கோமதி மெதுவாகச் சொன்னாள்: "ஒரே தரம் சிஸ்டர். அதுவும் ரெண்டு வாய். எழுப்பப் போனேன்... மதினி விடல."

"அக்கா, இது நிறம் இல்ல. மஞ்சள் காமாலை. பிறந்த பிள்ளைங்களுக்கு வர்றதுதான், பெரும்பாலும் தானா இறங்கிரும். இவனுக்கு உள்ளங்கால் வரைக்கும் வந்துட்டு. பால் குடிக்கல, எழும்பல. இப்படியே விட்டா மூளையைத் தொட்டுரும், காது கேக்காமப் போயிரும். இப்பவே ரத்தம் எடுக்கணும். நீல லைட்டுக்குக் கீழ படுக்க வைக்கணும்."

வடிவு பாய்ந்து வந்து நர்ஸ் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பயம். எதற்கு? மூளைக்கா? காதுக்கா?

"லைட்டுலயா! லைட்டுல போட்டா புள்ள கறுத்துர மாட்டானா? அதெல்லாம் வேண்டாம். எழுதிக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறோம்!"

கேட்டீர்களா... மூளை போனால் பரவாயில்லை. நிறம் போகக் கூடாது. எவ்வளவு தெளிவான பெண்மணி!

கோமதி தையல் வலியோடு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையை நீட்டினாள்.

"மதினி... நிறத்த நீங்க வச்சுக்கோங்க. எம்புள்ளய எங்கிட்ட குடுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. வடிவு பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்துக்குக் கீழே வெற்றுடம்பாகப் படுக்க வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அமலோற்பவம் காலைச் சுண்டி எழுப்புவாள், கோமதி பால் கொடுப்பாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் கண்கட்டை அவிழ்த்து வெளியே கொண்டுவந்தார்கள். மஞ்சள் இறங்கி, அடியில் இருந்த அவன் சொந்த நிறம் தெரிந்தது... நல்ல கறுப்பு! பசியில் தொண்டை கிழிய ஒரு கத்தல்... கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது.

வடிவு உற்று உற்றுப் பார்த்தாள். "சிஸ்டர்... புள்ளய மாத்திட்டியளோ?"

"மாத்தலக்கா. மூக்கப் பாருங்க, உங்க தம்பி மூக்கு. நிறத்தப் பாருங்க... அப்படியே நீங்கதான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கோமதி அன்றைக்கு எழுந்து நிற்காமல் இருந்திருந்தால்? அந்தத் தங்கமான பிள்ளை யார் கூப்பிட்டாலும் திரும்பாமல், அதே மாதிரி சத்தம் காட்டாமல் வளர்ந்திருக்கும்.

முன்வரிசைப் பெண்களே... பிறந்த பிள்ளை பாலுக்கு அழவில்லை என்றால் பெருமைப்படாதீர்கள், பயப்படுங்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். யார் தடுத்தாலும் கையை நீட்டி உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். வளையல் போட்ட கை சும்மா மடியில் வைத்துக்கொள்வதற்கு அல்ல.

பின்வரிசையில் குங்குமப்பூ டப்பாவோடு வந்திருக்கிற அம்மாமாரே... அதைப் பாயசத்தில் போடுங்கள். நிறம் பிரமாதமாக வரும்.