அசையாமல் கட்டிய பாரம்

கொல்லிமலையில் லாரி ஓட்டுகிறவனுக்குக் கியர் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கயிறு கட்டத் தெரிய வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு. பாரம் ஒரு சாண் நகர்ந்தால் வண்டி பள்ளத்தைப் பார்த்துச் சாயும். எங்கள் தேவனூர் நாட்டில் கேட்டுப் பாருங்கள், மாணிக்கம் கட்டினால் மூட்டை மூச்சு விடாது என்பார்கள். நேற்று வரை அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐயா, அந்த அறையில் நீங்கள் உட்கார வைத்திருக்கும் அர்த்தநாரி ஒரு தப்பும் செய்யவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். போக விடமாட்டீர்கள் என்று இப்போது புரிகிறது.

அவர் ராசிபுரம் பக்கத்து ஆள். திருவிழாக்களில் குழந்தைகளை ஒட்டகத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர். ஒட்டகத்தின் பேர் கண்ணு. பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுவார். ஆடிப் பதினெட்டு விழாவுக்காகச் செம்மேட்டுக்குக் கொண்டுபோக, காரவள்ளி அடிவாரத்தில் என் லாரியைப் பிடித்தார். கண்ணுவைப் படுக்க வைத்து, முன்னங்கால்களை மடக்கி, பழைய சேலைத் துணியால் அவரே கட்டினார். கட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எறங்குங்க அண்ணா. லாரிப் பொறத்தால ஆளு ஏறப்படாது. சட்டம்" என்றேன்.

"நானில்லீன்னா பயந்துக்குமுங்க."

"அது பயப்படுதோ இல்லியோ, போலீசுக்கு நான் பயப்படோணும். பஸ்ஸுல போங்க. பொண்ணு மாப்பிள்ளை ஊட்டுக்கு வந்தாப்புல அலுங்காம வந்து எறங்கும்."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். நான் பேசினால் ஆட்கள் சிரிப்பார்கள். அது என் ராசி.

உண்மையான காரணம் உர மூட்டை. சோளக்காட்டுக் கடைக்குப் போக வேண்டிய சரக்கு அடிவாரத்தில் கிடந்தது. அவர் கூட இருந்தால் ஏற்ற விட்டிருக்க மாட்டார். பஸ் பார்வையிலிருந்து மறைந்ததும் ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் மூட்டைகளை அடுக்கினேன். ஆடாமல் இருக்கும், மெத்தை மாதிரியும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழுத்தைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. மரக்கிளையில் இடித்துவிடுமே என்று அதையும் தாழ்த்திக் கட்டினேன். அதன் நல்லதுக்குத்தான்.

நேற்றுச் சாயங்காலம் மாட்டு டாக்டர் அனுராதா அம்மா உங்களிடம் சட்டம் சொன்னார்கள். கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், கழுத்தை நீட்ட இடம் வேண்டும், மெத்தென்று ஏதாவது பரப்ப வேண்டும். ஒட்டகமே உட்கார்ந்து எழுதிய சட்டம் போல இருந்தது. மெத்தையில் மட்டும் நான் தேறிவிடுவேன் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேன்.

மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிப்போம். முதல் வளைவில் அடித்தபோது பின்னாலிருந்து கண்ணு கத்தியது. அடுத்த வளைவிலும் கத்தியது. எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "மாணிக்கா, புது ஹார்னா?" என்றான்.

"ஆமாண்டா, ராஜஸ்தான் சரக்கு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தி, கேனில் இருந்த தண்ணீர் முழுவதையும் அதற்கு ஊற்றினேன். மூட்டை இடுக்கு வழியாகக் கண்ணு கேனையே பார்த்தது. ஒட்டகம் பல நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். நான் படித்ததில் என்றைக்காவது உதவியது அது ஒன்றுதான். மூட்டைகள் அதன் விலாவில் சாய்ந்து கிடந்தன. சரிசெய்ய வேண்டுமானால் கட்டு முழுவதையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கவில்லை. காலால் உந்தி, இன்னொரு சுற்று இறுக்கினேன்.

அதற்குப் பிறகும் சில வளைவுகளில் பதில் வந்தது. சின்னதாக வந்தது. அப்புறம் வரவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

சோளக்காட்டில் மூட்டை இறக்க ஏறிய செல்லமுத்து, "ஏனுங்க, தூங்குதுங்களா?" என்றான்.

"மலைக்காத்துல சொக்கிப் போச்சு. சத்தம் போடாம எறக்கு" என்றேன்.

அவன் பாவம், கடைசி மூட்டை வரை பூப்போல இறக்கினான்.

செம்மேட்டில் அர்த்தநாரி கண்ணு தின்ன ஒரு கட்டு வேப்பந்தழையோடு காத்திருந்தார். நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். கண்ணுவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நோய் பிடித்த ஒட்டகத்தை மலைக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று சுற்றி நின்றவர்கள் அவரைத் திட்டினார்கள். திட்டாமல் நின்றவன் நான் ஒருவன்தான். அதையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டேன். விலா எலும்பு நொறுங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும், கூட ஆள் இல்லாமல் அனுப்பியது யார் என்று கேட்டீர்கள்.

"நாந்தானுங்க" என்றார் அவர். "மாணிக்கந் தம்பி பாத்துத்தானுங்க ஓட்டியிருக்கும். நாந்தான் பாவி, பஸ்ஸுல வந்துட்டேன்."

நான் தலையாட்டினேன். நீங்களும் பார்த்தீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. பழகிவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னேனே, அது பொய். கடைசி வளைவு தாண்டி, எதிரே ஒரு வண்டியும் வராத நேர் ரோட்டில் ஹார்ன் அடித்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். அப்போதே தெரியும். இறங்கிப் பார்க்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கண்ணுவைக் கொன்றது நான். அர்த்தநாரியை ஊட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் ஒன்று. ஒரு மூட்டை விழுந்த சத்தம் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி இறங்கியிருப்பேன். சரக்கு விஷயத்தில் நான் அலட்சியமான ஆள் இல்லை.