கொழுக்கட்டைச் செடி

"தாத்தா, கடைசியா மிஞ்சுற செடிக்கு, தான்தான் கடைசின்னு தெரியுமா?" என்று வாசுகி ஒருநாள் என்னிடம் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. என் நண்பன் பக்கிரிசாமியின் மகள் வயிற்றுப் பேத்தி. செடிக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு என்று சொல்லி, இலையில் இருந்த பொங்கலில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். குழந்தைகளைப் பயமுறுத்தக் கூடாது.

குருண் பட்டணத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் எங்கள் எஸ்டேட். அங்கே முப்பத்தோரு வருடம் புல்லைக் கருக்கும் மருந்து அடித்தேன். கடைசிப் பத்து வருடம் அந்த வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, சுண்ணாம்புக் குன்றின் அடியில் குகைக்குள் இருக்கும் முருகன் கோயிலைக் கூட்டி விளக்கேற்றி வந்தேன். எறும்புகளுக்கு அரிசி மாவு போடாமல் நான் காலையில் சாப்பிட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னைப் பற்றித் தெரிந்துகொண்டு கேட்டால் மற்றது புரியும்.

குகைக்கு மேலே, பாறை இடுக்குகளில் அந்தச் செடி இருந்தது. விரல் தடிப்பில், தண்ணீர் நிறைந்த வெளிர்பச்சை இலைகள். மாவைப் பிடித்துவைத்தது போல இருக்கும் என்பதால் எங்கள் பிள்ளைகள் அதைக் கொழுக்கட்டைச் செடி என்பார்கள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பினாங்கிலிருந்து சாந்தினி என்ற பெண் வந்து பாறையில் தொற்றி ஏறி எண்ணினாள்.

"அங்கிள், உலகத்துலயே இந்தக் குன்றுல மட்டும்தான் இது இருக்கு. மொத்தமே அறுபத்து மூணு. அழியற நிலையில இருக்குன்னு பட்டியல்ல போட்டாச்சு. செடி இருக்கிற வரைக்கும் இந்தக் குன்றை யாரும் தொட முடியாது."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அடுத்த மாதம் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். சிவப்பு எழுத்தில், நுழையத் தடை என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது.

எஸ்டேட் கோயில்களுக்கு நிலப்பத்திரம் கிடையாது. முதலில் சிவப்பு எழுத்தில் பலகை வரும், பிறகு கடிதம் வரும், பிறகு மண்வாரி இயந்திரம் வரும். என் வாழ்நாளில் இப்படி மூன்று கோயில்கள் போனதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதில், சிலையை நானே மடியில் வைத்துக்கொண்டு லாரியில் போனேன். யாரும் தொட முடியாது என்று அவள் சொன்னதில் நாங்களும் அடக்கம் என்றுதான் எனக்குப் பட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள். எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

செடி இல்லாவிட்டால் பலகைக்கு வேலையில்லை. இதில் தவறான கணக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செடிகளுக்குக் காவலாகப் பக்கிரிசாமியைப் போட்டிருந்தார்கள். அவனுக்கு அதில் ஏகப்பட்ட சிரிப்பு.

"செடிக்குச் சம்பளத்தோட ஆளு வச்சிருக்கானுங்கண்ணே. என் பொஞ்சாதி ஒருநாளாச்சும் என்னை இப்படிப் பாத்திருப்பாளா?"

"நீ என்ன, அறுபத்து மூணா இருக்கே? ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்லா. அதான் மதிப்பில்ல."

அவனுக்குச் சர்க்கரை வியாதி. மதியம் ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஆனால் காவலை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. வெயிலில் அவன் கை நடுங்குவதைப் பார்த்து, நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வா தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. தினமும் நாற்பது நிமிடம் எனக்குக் கிடைத்தது.

மருந்தை அடிக்கவில்லை. அடித்தால் பக்கத்தில் இருக்கும் பெரணியெல்லாம் கருகும். எஸ்டேட்டில் முற்றிய கொடிகளுக்குத் தடவுவது போல, சின்னத் தூரிகையால் ஒவ்வொரு செடியின் குருத்திலும் தொட்டு வைத்தேன். எட்டாத இடங்களுக்குக் கோயில் ஒட்டடைக் கோலின் நுனியில் தூரிகையைக் கட்டிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஏழு செடி. ஒன்பது நாள். ஒவ்வொன்றைத் தொடும்போதும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி என்பதால் சாவதற்கும் நாள் எடுத்துக்கொண்டது. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

சாந்தினி வந்து பார்த்தபோது அழவில்லை. கீழே உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

விசாரணை நடந்தது. காவலை விட்டு ஒரு நிமிடமும் நகரவில்லை என்று பக்கிரிசாமி தினமும் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆகவே ஒன்று அவனே செய்திருக்க வேண்டும், அல்லது தூங்கியிருக்க வேண்டும். தூங்கிவிட்டதாகச் சொன்னான். வேலை போயிற்று. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடியைக் கோட்டைவிட்டவன் என்று பேப்பரில் படத்தோடு வந்தது. அன்று மாலை என் வீட்டுக்கு வந்தான்.

"நீங்க காவலுக்கு நின்னதை நான் சொல்லலைண்ணே. கோயில் ஆளு நீங்க. எனக்கு உபகாரம் பண்ணப் போயி உங்க பேரு எதுக்குக் கெடணும்?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. பிறகும் தோன்றவில்லை.

நான்கு மாதத்தில் பலகையை எடுத்தார்கள். அதே வாரம் கல்லுடைக்க வந்தவர்கள் குன்றை அளந்தார்கள். செடி இருந்ததால்தான் அவர்கள் இத்தனை நாள் வெளியே நின்றிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. கோயிலைக் கட்டிக் காத்தது அந்த அறுபத்து மூன்றும்தான் என்று சாந்தினி மட்டும் கடைசியாக ஒருமுறை வந்து சொன்னாள். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. முருகனை இப்போது ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். வெடி வைக்கும்போது விளக்குச் சுடர் ஆடும்.

பக்கிரிசாமி வெளியே வருவதை நிறுத்திக்கொண்டான். ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. மகள் குருணில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே மூன்று வேளையும் நானே கஞ்சி கொண்டுபோனேன். காளிதாசன் அண்ணன் போல ஒரு மனிதர் உண்டா என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஒருநாள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் சோத்துக்கு எழுந்து போனதாலதானேண்ணே எல்லாம் போச்சு? இடையில எவனோ பூந்துட்டான். கோயிலும் போச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சாகக் கிடப்பவனுக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. அவன் நெற்றியில் திருநீறு பூசி, "மனுசன் தப்பு செய்யறதுதான் தம்பி. முருகன் மன்னிச்சிட்டான். நானும் மன்னிச்சிட்டேன்" என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. முகத்தில் தெரிந்தது. இரண்டு நாளில் போய்விட்டான்.

அறிக்கையில் அவன் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைத் திருத்தி இனி அவனுக்கு என்ன ஆகப் போகிறது?

அவனுக்கு ஆண் பிள்ளை இல்லை. அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. போன அமாவாசைக்கு, யாரிடமும் சொல்லாமல், கோத்தா கோலா மூடாவுக்குப் போனேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மீன்படகுகூட இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் மூன்று முறை இறைத்தேன். சொந்த மகன் செய்தாலும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க மாட்டான். கரையேறியபோது மனம் லேசாக இருந்தது. என் பெயரை அவன் காப்பாற்றியதற்கு நான் பட்டிருந்த கடன் அத்துடன் தீர்ந்தது.