அட்டைப்படத்தில் ஒரு கை

தங்கை: ...அதுக்காக என் ஆல்பம் அட்டையில என் பேரையே இப்படியா அடியில ஒளிச்சு வைப்ப?

அக்கா: படம் நல்லாத் தெரியட்டும்னுதான்டி.

தங்கை: கடையில இசைத்தட்டை எல்லாம் வரிசையா நிக்க வச்சிருப்பாங்க. விரலால தள்ளித் தள்ளிப் பாக்கறப்ப மேல் விளிம்புதான் கண்ணுல படும். அட்டை வரையறவளுக்கு இதை நான் சொல்லணுமா?

அக்கா: சரி, மேல ஏத்திட்டேன். போதுமா, மகாராணி?

தங்கை: முதுகுல?

அக்கா: என் முதுகுலயா?

தங்கை: ஐயோ... அட்டையோட முதுகுல! அலமாரியில சொருகினா அது ஒண்ணுதான் தெரியும்.

அக்கா: அதுலயும் உன் பேருதான். விடு, சாயங்காலம் அச்சகத்துக்குப் போயாகணும்...

தங்கை: இரு, இரு. இந்தப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கு.

அக்கா: எதுக்கு? மூக்கு நல்லாத்தான் இருக்கு.

தங்கை: மூக்கை விடு. என் தோள்ல இருக்கறது யாரு கை?

அக்கா: அது... நிழல்.

தங்கை: நிழல் மோதிரம் போட்டுக்குமா? நாம கடைசியா ஒரே மேடையில பாடின அன்னைக்கு எடுத்த படம்தானே இது? உன்னை நீயே வெட்டிட்டியாக்கா?

அக்கா: ஒருத்தி பாடின ஆல்பம்னா அட்டையில ஒரு முகம்தான். இன்னொரு முகம் இருந்தா, இவளும் பாடியிருக்கான்னு நினைச்சு வாங்குவாங்க.

தங்கை: அப்ப கையை மட்டும் ஏன் விட்ட?

அக்கா: அதையும் எடுத்துப் பாத்தேன். நீ தன்னந்தனியா நிக்கற மாதிரி இருந்துச்சு... மனசு கேக்கல.

தங்கை: பாடினவங்க முகம்னா போடலாம்ல?

அக்கா: தாராளமா. நான்தான் பாட்டை விட்டு வருஷக்கணக்காச்சே. வீட்டுல ஒருத்தி பாடினாப் போதும்.

தங்கை: போதும்னு யார் சொன்னா? இந்தா, இதைக் காதுல மாட்டு. கடைசிப் பாட்டு.

அக்கா: ம்... ஆரம்பம் நல்லாத்தான் இருக்கு... ஏய்! இது நான்டி!

தங்கை: கத்தாத. முழுசாக் கேளு.

அக்கா: வாத்தியக்காரங்களுக்கு மெட்டு தெரியணுமேன்னு சும்மா பாடி வச்ச டிராக் இது! ரெக்கார்டிங் அன்னைக்கு உனக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு... அப்புறம் இதை எடுத்துட்டு நீ பாடறதாத்தானே பேச்சு?

தங்கை: எடுக்க யாருக்கும் மனசு வரல. எனக்கும்தான்.

அக்கா: என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

தங்கை: முன்னாடியே கேட்டிருந்தா பாட வந்திருப்பியா?

அக்கா: ...மாட்டேன்.

தங்கை: இப்பக் கேக்கறேன். வேண்டாம்னு சொன்னா எடுத்துடறேன். சத்தியமா.

அக்கா: ...இன்னொரு தடவை போடு.

தங்கை: அழறியா?

அக்கா: வாயை மூடு. இருக்கட்டும்... எடுக்க வேண்டாம்.

தங்கை: அப்ப படத்தை முழுசாப் போடு. பேரும் ரெண்டு. முதுகுலயும்.

அக்கா: போடறேன், போடறேன். அச்சகத்துல என்னைத் திட்டப் போறாங்க... ஆமா, அன்னைக்கு உனக்குப் பேச்சே வரலையே, சுடுதண்ணி வச்சு வச்சுக் குடுத்தேனே. தொண்டை எப்பத்தான் சரியாச்சு?

தங்கை: அது... அன்னைக்குக் காலையில குளிக்கறப்பகூட, உனக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுட்டுப் பாடிட்டுத்தான்க்கா வந்தேன்.