சொட்டு நீலம் போன வழி

ஹலோ... ஆம்ப்ரோஸ்தான் பேசறேன். சொல்லு ஆஸ்வின்... ஆமா, ஆமா, கேள்விப்பட்டிருப்பே. இரு, முதல்ல யார் யார் இருந்தாங்கன்னு சொல்லிடறேன். நம்ம வீட்டு நீச்சல் குளத்துக்குள்ள நான். கரையில சொட்டு நீலம் பாட்டிலோட சமைக்கிற தேவானை. பக்கத்துல குழாய் வேலை பாக்கற இனாயத். மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு எட்டிப் பாத்துக்கிட்டு சுவாமிநாதன். அவ்வளவுதான். இதுல மெல்போர்ன்ல இருக்கற உனக்குப் போன் போட்டது யாருன்னு நான் கேக்கப் போறதில்ல...

விழல. இறங்கினேன். படி வழியா, கம்பியப் பிடிச்சுக்கிட்டு...

ஏன்னா? தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கு, அதான்... இல்ல, வெயில் இல்ல. அதையும் பாத்துட்டேன். பக்கெட்ல குளத்துத் தண்ணியையே ரொப்பி, குளத்துப் படியில வெச்சேன். வெயில்னா ரெண்டும் ஒரே அளவு குறையணுமில்ல?... ஆமா. முதல் நாள் வெச்சதைத் தேவானை தூக்கி மல்லிச் செடிக்கு ஊத்திட்டா. கேட்டா, 'யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சேன் சார், நல்ல தண்ணி வீணா கீதேன்னு...' க்ளோரின் தண்ணி! செடி வாடிப்போச்சு...

சிரிக்காதே... சரி, சிரி. சிரிச்சு நாளாச்சு நீ.

மறுபடி வெச்சேன். பக்கெட்ல குறைஞ்சதே தெரியல, குளத்துல ரெண்டு விரல்கடை போயிருக்கு. மோட்டாரை நிறுத்திப் பாத்தேன், அப்பவும் அதே. அப்ப பைப்புல கோளாறு இல்ல... ஆமா, இனாயத் மொத்த டைல்ஸையும் பேக்கணும்னான். கொஞ்சம் பொறுன்னேன். தண்ணியப் போற வரைக்கும் போக விட்டேன். உள்ள சுவத்துல லைட்டு இருக்கில்ல, அந்த மட்டத்துல நின்னுபோச்சு...

அதேதான்! அப்புறம் லைட்டு முங்கற அளவு தண்ணி விட்டு, நான் இறங்கி, அலையடிக்காம நின்னு, லைட்டு விளிம்புல ஒரு சொட்டு நீலம் விட்டேன். நூல் மாதிரி வளைஞ்சு, லைட்டுச் சட்டத்துக்குப் பின்னால இழுத்துக்கிட்டுப் போச்சு ஆஸ்வின்! அங்கதான் ஓட்டை. இனாயத் நாளைக்கு அடைக்கறான்...

அவனை இறங்கச் சொல்லியிருக்கலாம்... ஆமா... ஆமா. எனக்குப் பாக்கணும்போல இருந்தது. வேற என்ன இருக்கு, காலையில எழுந்து பாக்க?

...இல்ல, ஒண்ணும் சொல்லல.

யார் நீந்தறாங்கன்னா கேக்கறே? இப்ப யாரும் நீந்தல. கிறிஸ்மஸுக்குள்ள ரொப்பிடணும்னுதான். கயல், 'தாத்தா, வந்த உடனே குதிக்கணும்'னு சொன்னாளே, போன தடவை பேசும்போது...

ஓ.

...பிரிஸில்லாவுக்கு ஆபீஸ்ல லீவு இல்லியா... அப்ப நீங்க மூணு பேரும் வரல. சரி. சரி, பரவால்ல. குழந்தைகிட்ட தண்ணி நிறைய இருக்குன்னு சொல்லு.

என்னது, குளத்தை மண்ணு கொட்டி மூடறதா?... ஆமா, கேக்கறேன், சொல்லு... உத்தண்டியில முதியோர் ஹோமா. கடல் பாத்த ரூமா. நல்லது. சாப்பாட்டுக்கு மணி அடிப்பாங்களா? நான் மணி அடிச்சுப் பசங்களை உள்ள அனுப்பின ஹெட்மாஸ்டர்ப்பா. என்னை யாரும் மணி அடிச்சுக் கூப்பிட வேணாம்...

கோவம் இல்ல. குரல் ஒசந்தது உன்னுது.

பிடிவாதமா? யார் சொன்னா?... ஆனி அத்தையா. என்ன சொன்னா?... ம்... ம்...

தெரியும். மாதா கோயில் வாசல்ல பூசை முடிஞ்சு எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. மகன் மெல்போர்னுக்கு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், பெரியவர்தான் பெசன்ட் நகரை விட்டு நகர மாட்டேங்கறார்னு. என் முகத்துக்கு நேராவே கேக்கறாங்க. நான் மறுக்கறதில்ல. நம்ம வீட்டு விஷயம் கோயில் வாசலுக்குப் போகக் கூடாது. ஆனா அதை நீயும் நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது...

இரு, முடிச்சுடறேன்.

நீ கூப்பிடல ஆஸ்வின். ஒரு தடவைகூடக் கூப்பிடல.

வெச்சுடறேன்.