ஒரே பெயரில் இரண்டு டோஸ்

நான் சண்டை சச்சரவுக்குப் போகிற ஆள் இல்லை. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எங்கள் கணினி மொழியில் எண் என்பது ஏற்கெனவே இருக்கிற வகை. அதற்குத் தெரியாத வேலையை நாமே எழுதி, ஒரு பெயர் வைத்து அதோடு ஒட்டிவிடலாம். நான் ‘டோஸ்’ என்று ஒன்றை ஒட்டியிருந்தேன். மாத்திரைக் கணக்கு பின்னத்தில் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடும். பெரியவர்களுக்கானது. பிறகு வேலையில் சேர்ந்த என் மச்சினன், பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்காக அதே பெயரில் இன்னொன்றை ஒட்டினான். அது தசமத்தை அப்படியே விட்டுவிடும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், கணினியில் கடைசியாக ஏறுவதுதான் வேலை செய்யும். கணினி ஒரு வார்த்தை முணுமுணுக்காது.

பெயர் மோதினால் பிறகு வந்தவர்தான் தன் பெயரை அதன் முன்னால் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். அது எங்கள் அலுவலக வழக்கம். அவனோ எல்லார் முன்னாலும், “அத்தான், உங்களுதை ரெண்டே இடத்துலதான் பயன்படுத்தியிருக்கு. நீங்களே மாத்திடுங்களேன்” என்றான். மேலாளரும் தலையாட்டினார். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான். “அதுக்கென்ன, மாத்திட்டாப் போச்சு” என்றேன்.

மாற்றவில்லை. என்னுடையது அவனுடையதற்குப் பின்னால் ஏறும்படி ஒரு வரியைக் கீழே நகர்த்தினேன். சோதித்தும் பார்த்தேன். 0.2 மில்லி, 1 மில்லி ஆனது. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

யாராவது கண்டுபிடிப்பார்கள், அவன் மூக்குடைபடுவான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கண்டுபிடித்தவர் அந்தப் பிரிவின் நர்ஸ். போனை எடுத்தது நான்.

“சார், ஒரு மில்லின்னு காட்டுது. பொறந்த குழந்தை சார். இவ்வளவு போடலாமா?”

மச்சினன் பக்கத்து மேஜையில்தான் இருந்தான். கூப்பிட்டிருந்தால் உடனே சரிசெய்திருப்பான். எல்லாரும் அவனைப் பாராட்டியிருப்பார்கள்.

“டாக்டர் எழுதுனதை வெச்சுத்தாம்மா கணக்கு போடுது. காட்டுறதைப் போடுங்க” என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

குழந்தை இறந்துவிட்டது. எனக்கும் வருத்தம்தான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மச்சினனைக் கைது செய்தீர்கள். தம்பியைக் காப்பாற்றத்தான் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன் என்று என் மனைவி நினைக்கிறாள். கிளம்பும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் நேற்று நிருபர்களிடம், அந்தப் பிரிவில் வேலை செய்தது அவன் எழுதிய டோஸ் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வேலை செய்தது என்னுடையது.